பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டுக்கு மதிப்புப் போடுதல்

ஒருவர் இறந்தபின் அவருடைய வீடு என்ன பெறும் என்று இந்திய அரசு இன்று கேட்பதில்லை. கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1953-ல் கொண்டுவரப்பட்ட எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி 1985-ல் நீக்கப்பட்டது. வரி போனதோடு, இறந்தவரின் சொத்துக்கு மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. வரி இல்லாதது குடும்பங்களுக்கு நல்லதுதான். ஆனால், யாரும் கேட்காததால் வீட்டின் மதிப்பு எந்தத் தாளிலும் ஏறாமலேயே பாகம் பிரிந்துவிடுகிறது. அண்ணன் மனத்தில் நாற்பது லட்சம், தங்கை மனத்தில் எண்பது லட்சம், அம்மாவுக்கு அதைப் பற்றிய எண்ணமே இல்லை. இந்த நிலையில்தான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு தொடங்குகிறது.

கருமாதி முடிந்து ஓரிரு மாதத்தில் போன் வரும். "அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துடு. ஒரே ஒரு கையெழுத்துதான். மாமாவையும் கூட்டிட்டு வா." அக்கா போவாள். பத்திர எழுத்தர் மேசையில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். சொத்து விவரத்தில் நான்கெல்லை இருக்கும், சர்வே எண் இருக்கும், சதுரடி இருக்கும். தான் விட்டுக்கொடுப்பது எத்தனை ரூபாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது முத்திரைத்தாள் கணக்குக்காகப் போட்டது.

விட்டுக்கொடுப்பது தவறே இல்லை. தம்பிக்கு வீடு வேண்டும், அம்மா அங்கேதான் இருக்கப்போகிறாள் என்று மனமொப்பி விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். எவ்வளவு என்று தெரிந்து கொடுத்தால்தான் அது கொடை. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. 2005-ல் அது நாடு முழுமைக்கும் சட்டமானது. "உனக்குத்தான் கல்யாணத்துக்கே செஞ்சாச்சே" என்ற பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கோரிக்கைதான்: மதிப்பு எழுத்தில் வரும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எதற்காக மதிப்பு, எந்தத் தேதிக்கு?

"வீட்டுக்கு ஒரு வேல்யுவேஷன் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் மதிப்பீட்டாளர் திரும்ப இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதற்காக? எந்தத் தேதிக்கு? கேட்காமல் வேலையை ஒப்புக்கொள்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மதிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்குச் சரியானதாகவும் இருக்கும்.

வாரிசுகள் தங்களுக்குள் பாகம் பிரிப்பதற்கு வேண்டியது இன்றைய சந்தை மதிப்பு. இறந்த நாளின் மதிப்பு அல்ல. அப்பா 2016-ல் காலமாகி, இப்போதுதான் பிரிக்கிறீர்கள் என்றால், இடையில் ஏறிய விலை எல்லாப் பங்குதாரருக்கும் சேரும். உயிலை மெய்ப்பிக்க நீதிமன்றம் போவதானால், மனுவோடு சொத்துகளின் மதிப்புப் பட்டியலைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் எந்தத் தேதியின் மதிப்பை எழுதுவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டை விற்றுப் பணமாகப் பிரிப்பதானால், வருமான வரிக்காக 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பு தேவைப்படும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாதது வழிகாட்டி மதிப்பு. பேச்சில் கைடுலைன் வேல்யூ என்பார்கள். பத்திரப்பதிவுக்கு முத்திரைத் தீர்வை வசூலிக்க, தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் பதிவுத்துறை நிர்ணயித்திருக்கும் தொகை அது. டி.என்.ரெஜிநெட் தளத்தில் யாரும் பார்க்கலாம். குடும்பத்துக்குள் பேசும்போது இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்: "அரசாங்கமே இவ்வளவுதான்னு போட்டிருக்கு பாரு." 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளிலும் ஒரு தெருவின் வீடுகள் திடீரென மலிந்துவிடவும் இல்லை, திடீரென விலையேறிவிடவும் இல்லை. தீர்வைக்கான அளவுகோலைப் பங்குக்கான அளவுகோலாக எடுத்தால், வீட்டை எடுத்துக்கொள்பவருக்கு லாபம், பணமாக வாங்கிக்கொள்பவருக்கு நஷ்டம்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று. எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து, ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு செட் நகல் கொடுங்கள்.

வாரிசுச் சான்றில் பெயர்களை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் உண்டு. பாட்டி உயிரோடு இருப்பதையே பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. முன்னரே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்கள் வழியிலும் வாரிசுகள் உண்டு. அவர்களில் மைனர் இருந்தால், அந்தப் பங்கை விற்கவோ விடுதலை செய்யவோ காப்பாளர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மைனருக்கு நஷ்டமில்லை என்று நீதிமன்றத்துக்குக் காட்டவும் மதிப்பீட்டு அறிக்கைதான் கைகொடுக்கும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு விகிதம் வேறு. வீட்டுக்கு மதிப்புப் போடும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

யாரை அழைப்பது?

மூன்று வகையானவர்கள் கிடைப்பார்கள். ஒருவர் வீட்டுத் தரகர். சந்தை நிலவரம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். ஆனால் அவர் சொல்வது வாய்ச்சொல், கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார். அடுத்தவர் தெரிந்த கட்டட இன்ஜினீயர். கட்டடத்தை நன்றாகக் கணிப்பார், நிலத்துக்கு உத்தேசமாக ஒரு விலை போடுவார். மூன்றாமவர் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர். செல்வ வரிச் சட்டம் 1957-ன் கீழ் வருமான வரித்துறையில் பதிவு செய்தவர்கள் இவர்கள். செல்வத்துக்கான அந்த வரியே இன்று இல்லை என்றாலும் பதிவு முறை தொடர்கிறது. வருமான வரி அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ வைக்க இவர்கள் அறிக்கைதான் எடுபடும். வங்கிகளின் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டாளர்களில் பலர் இந்தப் பதிவு பெற்றவர்களே.

வங்கிக்காகப் போட்ட பழைய மதிப்பீடு வீட்டில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. கடன் வராக்கடன் ஆனால் வீட்டை ஏலம் விட்டு எவ்வளவு தேற்றலாம் என்ற கண்ணோடு வங்கிக்காரர் பார்ப்பார். அந்த அறிக்கையில் சந்தை மதிப்புக்குக் கீழே அவசர விற்பனை மதிப்பு என்று இன்னொரு தொகையும் இருக்கும். அதை எடுத்து நீட்டுபவர் இருப்பார். கவனம்.

இங்கே நான் மிகவும் வலியுறுத்துவது ஒன்று. மதிப்பீட்டாளரை ஒரு வாரிசு மட்டும் அமர்த்தக் கூடாது. எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அமர்த்துங்கள். வெளிநாட்டில் இருப்பவர் மின்னஞ்சலில் சம்மதம் தெரிவித்தால் போதும். கட்டணத்தை எல்லாரும் பங்கிட்டுக் கொடுங்கள். அறிக்கை ஒரே நாளில் எல்லார் கைக்கும் போக வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். தம்பி கூட்டிவந்த ஆள் போட்ட மதிப்பு நூற்றுக்கு நூறு சரியாகவே இருந்தாலும் அக்கா நம்ப மாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. கட்டணத்தையும் வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசாமல் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும் நாள்

அன்று வாரிசுகள் எல்லாரும் வீட்டில் இருப்பது நல்லது. வர முடியாதவர் சார்பில் ஒருவராவது இருக்கட்டும். வீட்டைப் பெருக்கி, பழைய சாமான்களை ஒதுக்கி, பூட்டிய அறைகளின் சாவியைத் தயாராக வைத்திருங்கள். வெள்ளையடித்து ஈரக்கசிவை மறைக்க வேண்டாம்.

நல்ல மதிப்பீட்டாளர் வாசலில் நின்றே பாதி வேலையை முடித்துவிடுவார். முதலில் தெருவின் அகலத்தை அளப்பார். தெரு அகலமாக இருந்தால் கூடுதல் தளம் கட்ட இடமிருக்கும், நிலத்தின் விலையும் அதற்கேற்ப ஏறும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தபோது சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அதாவது 2,400 சதுரடி மனையில் 4,800 சதுரடி வரை கட்டலாம். உள்ளே நிற்பது ஓட்டு வீடாக இருந்தாலும் வாங்க வருபவர் இந்தக் கணக்கைத்தான் போடுவார்.

பிறகு டேப்பை இழுத்து மனையின் நான்கு பக்கமும் அளப்பார். பத்திரத்தில் 40-க்கு 60 என்று இருக்கும், தரையில் 39-க்கு 58½ இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே ஏறியிருக்கலாம், தெருவை அகலப்படுத்தியபோது முன்பக்கம் போயிருக்கலாம். பட்டாவில் வேறொரு அளவு இருக்கும். மூன்றில் எது குறைவோ அதற்கே விலை போடுவதுதான் கவனமான மதிப்பீட்டாளரின் வழக்கம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் நில அளவையரை வைத்து அளந்து முடித்துவிட்டு மதிப்புக்கு வாருங்கள்.

உள்ளே வந்ததும் மேலே பார்ப்பார். காங்கிரீட் தளமா, மெட்ராஸ் டெரசா, ஓடா? சன்ஷேடில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறதா? மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா? குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் கை வைத்துப் பார்ப்பார். போரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார், செப்டிக் டேங்கா பாதாளச் சாக்கடை இணைப்பா என்று கேட்பார். இவை எல்லாம் சேர்ந்தாலும் பழைய வீட்டின் மொத்த மதிப்பில் சிறு பகுதிதான். பெரும்பகுதி நிலத்தில் இருக்கிறது.

பழைய தேக்கு மட்டும் இதற்கு விலக்கு. செட்டிநாட்டுப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் நூறாண்டு கடந்த வீடுகளில் கட்டடத்தின் மதிப்பு தேய்மானக் கணக்குப்படி சுழியம் என்றே வரும். ஆனால் தூணுக்கும் நிலைக்கும் கதவுக்கும் உத்தரத்துக்கும் வாங்குபவர்கள் காத்திருக்கிறார்கள். மரச்சாமான்களைத் தனிப் பட்டியலாகப் போட்டு, அந்த வியாபாரம் தெரிந்தவரிடம் தனியாக விலை கேளுங்கள். "இடிச்சாக் கல்லு மண்ணுதான்" என்று பேசி, வீட்டை எடுத்துக்கொண்டவர் பிறகு மரத்தை மட்டும் பல லட்சத்துக்கு விற்றால், அந்தக் கசப்பு அடுத்த தலைமுறை வரை போகும்.

தெருக்குத்து, தெற்குப் பார்த்த வாசல், மூலை குறைந்த மனை ஆகியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வாங்க வருபவர்களில் பலருக்கு இருக்கிறது, அதனால் அப்படிப்பட்ட மனைகள் குறைந்த விலைக்கே கைமாறுகின்றன. மதிப்பீட்டாளர் இதற்காகக் கழித்தால் அது சந்தையைப் பற்றிய கணிப்பு. எவ்வளவு கழித்தார், ஏன் கழித்தார் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு எப்படி வருகிறது?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுரடி. அப்பா 1978-ல் 9,000 ரூபாய்க்கு வாங்கி, 1980-ல் 60,000 செலவில் 1,100 சதுரடி காங்கிரீட் வீடு கட்டினார். வாரிசுகள் அம்மா, மகன், மகள்.

நிலத்துக்கு விலை காண, அதே பகுதியில் அண்மையில் விற்ற மனைகளின் கிரயப் பத்திரங்களை மதிப்பீட்டாளர் எடுத்துப் பார்ப்பார். பத்திரத்தில் எழுதிய விலையும் நிஜத்தில் கைமாறிய விலையும் நம் ஊரில் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அக்கம்பக்கத்தில் விசாரித்து, இரண்டு மூன்று தரகர்களிடமும் கேட்டுச் சரிபார்ப்பார். சதுரடி 2,600 ரூபாய் என்று வந்தால் நிலம் 62.40 லட்சம்.

கட்டடத்துக்கு வேறு வழி. இதே வீட்டை இன்று கட்டினால் சதுரடிக்கு 2,200 ரூபாய் என்று கொண்டால் 24.20 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் தேறுவது 10 சதவீதம் என்று வைத்தால், 45 ஆண்டுக்கான தேய்மானம் 67.5 சதவீதம். மிஞ்சுவது 7.87 லட்சம். நிலமும் கட்டடமும் சேர்ந்து 70.27 லட்சம். மூன்றில் ஒரு பங்கு 23.4 லட்சம்.

அதே தெருவுக்கு வழிகாட்டி மதிப்பு சதுரடி 1,500 ரூபாய் என்றால், நிலம் 36 லட்சம், கட்டடத்தோடு 43.87 லட்சம். ஒரு பங்கு 14.6 லட்சம்தான். மகளுக்குச் சேர வேண்டியதில் கிட்டத்தட்ட 8.8 லட்சம் ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் போய்விடுகிறது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கவே வேண்டாம்.

மொத்தத் தொகையிலிருந்து பங்கு போடும் முன் கழிக்க வேண்டியவை உண்டு. வீட்டுக் கடன் பாக்கி, சொத்துவரி நிலுவை, வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ், அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன். வாய்வழிக் கடன்களுக்கு யாராவது ஒருவர் மட்டும் சாட்சி என்றால், கழிப்பதற்கு முன் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாடி கட்டிய தம்பி

பாகப்பிரிவினை முறியும் இடம் பெரும்பாலும் இதுதான். அப்பா இருந்தபோதே தம்பி தன் கடனில் மாடி எடுத்திருப்பான். பத்தாண்டாக அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டவனும் அவனே. நிலம் அப்பா பெயரில். மொத்த வீட்டையும் ஒரே தொகையாக மதிப்பிட்டு மூன்றாகப் பிரித்தால் அவனுக்கு அநியாயம். "மாடி கட்டினேன், வீடே எனக்குத்தான்" என்று அவன் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம்.

மதிப்பீட்டாளரிடம் நிலம், தரைத்தளம், மாடி என்று மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். மாடிக்கான இன்றைய தேய்மானம் போக நிற்கும் மதிப்பு தம்பிக்கு, மீதி பொதுவில் பங்குக்கு என்று பேசினால் பெரும்பாலான குடும்பங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். அவன் எட்டாண்டு முன் செலவழித்த தொகைக்கு வட்டி கேட்க முடியாது. அதே எட்டாண்டு அந்த மாடியில் அவன் வாடகையில்லாமல் இருந்ததையும் யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடன் தவணை கட்டிய வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பெற்றோரைப் பார்த்துக்கொண்டதற்கு விலை போட எந்த மதிப்பீட்டாளராலும் முடியாது. அதற்காக ஒரு தொகையையோ கூடுதல் பங்கையோ மற்றவர்கள் மனமுவந்து தரலாம், தருவது நியாயம் என்றும் நினைக்கிறேன். ஆனால் வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டி அதைத் தரக் கூடாது. முழு மதிப்பையும் எழுதிவிட்டு, இவ்வளவு உனக்குக் கூடுதலாகத் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெறுபவருக்கும் அதுதான் மரியாதை.

அம்மாவின் பங்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "எனக்கெதுக்குப்பா, பிள்ளைங்களே வெச்சுக்கட்டும்" என்றுதான் எந்த அம்மாவும் சொல்வாள். எழுபது வயதில் தன் பெயரில் ஒன்றுமில்லாமல் அவள் நிற்கும்படி ஆகக் கூடாது. பங்கை அவள் பெயரிலேயே வையுங்கள், அல்லது உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதுங்கள். அப்படி எழுதினால் வீட்டை எடுத்துக்கொள்பவர் உடனே விற்க முடியாது, ஆகவே அவர் தர வேண்டிய தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள மற்றவர்கள் இசைய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பானால்

பழைய ஃபிளாட்டில் சுவருக்கு மதிப்பில்லை, பிரிபடாத நிலப் பங்குக்குத்தான் மதிப்பு. யு.டி.எஸ். என்று சொல்லப்படும் அந்தப் பங்கு பத்திரத்தில் எத்தனை சதுரடி என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே கட்டடத்தை இடித்து மறுகட்டுமானம் செய்யலாம். அப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதை மதிப்பீட்டாளரிடம் மறைக்காதீர்கள். சங்கக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு மட்டும் தெரிந்த செய்தியாக அது இருக்கக் கூடாது.

2001 ஏப்ரல் 1

வாரிசாக வீடு கிடைப்பதற்கு வருமான வரி இல்லை. விற்கும்போதுதான் வரி. அப்போது, அப்பா வாங்கிய விலைதான் பிள்ளைகளுக்கும் அடக்க விலை, அப்பா வைத்திருந்த காலமும் சேர்த்தே எண்ணப்படும். அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரம்பு உண்டு: அன்றைய வழிகாட்டி மதிப்பை அது மிஞ்சக் கூடாது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001-ல் அந்தத் தெருவுக்கு இருந்த வழிகாட்டி மதிப்பை எழுத்தில் வாங்கி மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள்.

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். 2001-ல் நிலம் சதுரடி 300 ரூபாய் வீதம் 7.20 லட்சம், கட்டடம் 2.80 லட்சம், மொத்தம் 10 லட்சம் என்று அறிக்கை வருகிறது. 2025-26 நிதியாண்டில் வீடு 70 லட்சத்துக்கு விற்கிறது. பணவீக்கக் குறியீடு 2001-02-ல் 100, 2025-26-ல் 376. ஆக அடக்க விலை 37.60 லட்சமாகிறது. ஆதாயம் 32.40 லட்சம், அதில் 20 சதவீதம் 6.48 லட்சம். குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்று போட்டால் 60 லட்சத்துக்கு 7.50 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீட்டுக்கு இரண்டில் குறைவானதைக் கட்டலாம். இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ குடியிருக்கும் மகன் தன் பங்குக்கு 12.5 சதவீதக் கணக்கில்தான் கட்ட வேண்டும்.

2001 மதிப்பீடு இல்லாமல் அப்பாவின் 69,000 ரூபாயையே அடக்க விலையாக வைத்திருந்தால் வரி 8.66 லட்சம். ஒரு அறிக்கை இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடித்துத் தருகிறது. செஸ் தனி. விற்கும் விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். அது அநியாயம் என்று தோன்றினால் துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பக் கேட்கலாம். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை, ஆதலால் விற்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். விற்ற பின் போவதில் பயன் குறைவு.

ஒத்துவராதபோது

அறிக்கை வந்த பிறகும் ஒருவர் ஏற்க மறுக்கலாம். அவர் தரப்பில் இன்னொரு மதிப்பீடு போடட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சராசரியை எடுங்கள். அதற்கு மேல் போனால் இரு மதிப்பீட்டாளர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து நிலத்தின் சதுரடி விலையை மட்டும் பேசச் சொல்லுங்கள். தகராறு பெரும்பாலும் அந்த ஒரு எண்ணில்தான் இருக்கும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் நம் கிராமங்களில் பழக்கப்பட்ட வழி இருக்கிறது. ஒருவர் பிரிக்க, மற்றவர் எடுப்பது. வீடு ஒன்றே ஆனால், ஒருவர் விலை சொல்ல வேண்டும், அந்த விலைக்கு வாங்கிக்கொள்வதா விட்டுக்கொடுப்பதா என்பதை மற்றவர் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் வீடு கைவிட்டுப் போகும், கூட்டிச் சொன்னால் அதிகம் கொடுத்து வாங்க நேரும். ஆகவே மனத்தில் உள்ள சரியான விலை வாய்க்கு வந்துவிடும். இருவரிடமும் வாங்கும் பணம் இருந்தால் மட்டுமே இது நியாயமான முறை. வசதியான அண்ணனும் வாடகை வீட்டில் இருக்கும் தங்கையும் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

கடைசி வழி பாகப்பிரிவினை வழக்கு. நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும், அவரோடு இன்ஜினீயர் வந்து மதிப்புப் போடுவார். பிரிக்க முடியாத வீடானால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு ஒரு பங்குதாரர் வாங்கிக்கொள்ளவோ வீட்டையே விற்றுப் பணத்தைப் பிரிக்கவோ உத்தரவாகலாம். முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். வீடு பூட்டியே கிடக்கும்.

பத்திரம் எழுதும்போது

மதிப்பைக் குறைத்து எழுதினால் பதிவுச் செலவு மிச்சம் என்று பத்திர எழுத்தர் யோசனை சொல்வார். குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்தியபின் அதற்கு உச்சவரம்பு பங்குக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் பங்கை 14.6 லட்சத்துக்குப் பதில் 23.4 லட்சம் என்று எழுதினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 8,800 ரூபாய். அந்தச் சிறு தொகைக்காக ஒரு பொய்யான எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். பங்குக்கு ஈடாகப் பணம் தருவதானால் வங்கி வழியாகத் தாருங்கள், தொகையையும் பரிமாற்ற எண்ணையும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள்.

வீட்டை எடுத்துக்கொள்ளப்போவது நீங்கள் என்றால், உங்கள் அக்காவுக்கும் தங்கைக்கும் அறிக்கையின் நகலைத் தமிழில் விளக்கிச் சொல்லி, கையில் கொடுத்து, வேறு யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்ளக் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். கையெழுத்துப் போடப்போவது நீங்கள் என்றால், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால், ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுங்கள்.